தூங்காத காவல்காரன்!

வண்ண மீன்களைக் காக்கும் உள்ளங்கைக் கம்ப்யூட்டர்

இரவு மணி 11. மே மாதப் புழுக்கம். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் 100 லிட்டர் தண்ணீர். தண்ணீருக்குள் பத்துப் பன்னிரண்டு வண்ண மீன்கள், வாலை மெல்ல ஆட்டியபடி நிற்கின்றன.

தொட்டிக்கு மேலே, சுவரில் ஒரு சின்னஞ்சிறு பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டுகிறது.

திடீரென்று "டக்" என்று ஒரு சத்தம்! தொட்டியின் மேல் இருக்கும் குட்டி விசிறி சுற்றத் தொடங்குகிறது.

விசிறியைப் போட்டது யார்? வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லையே!

பெட்டிக்குள் இருப்பவன் போட்டான். சம்பளம் கேட்காத காவல்காரன் அவன். சாப்பாடு கேட்காத காவல்காரன். தூங்காத காவல்காரன்!

ஆம், அவன் ஒரு கம்ப்யூட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும் கம்ப்யூட்டர்.

இப்படி ஒரு காவல்காரனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பல நாடுகளில் மீன் வளர்ப்பவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள்.

அவனை எப்படிச் செய்வது? அவனை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இரண்டு கேள்விகளில் இரண்டாவதுதான் பெரியது. ஏன் என்றால், அவன் தவறினால் போவது மீன்களின் உயிர்!

ஓடிப்போக இடம் இல்லை

குளத்து மீனுக்கு வெயில் உறைத்தால், அது ஆழத்துக்குப் போய்விடும். நிழலைத் தேடி ஒதுங்கும்.

தொட்டி மீன் எங்கே போகும்? நாலு பக்கமும் கண்ணாடி. ஒரு முழ ஆழம். அவ்வளவுதான் அதன் உலகம்.

தண்ணீர் சூடானால் இன்னொரு ஆபத்தும் வருகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராண வாயுவைத்தான் மீன் சுவாசிக்கிறது. 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராண வாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராம்தான்!

சூடு ஏறினால் மீனுக்கு மூச்சு அதிகம் தேவை. ஆனால், தண்ணீரில் உள்ள வாயுவோ குறைகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் போல, மீன் திண்டாடிப் போகிறது.

அது கத்தாது. அழாது. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும்!

லண்டனில் நடந்த சோதனை

கண்ணாடிப் பாத்திரத்தில் மீனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று 19-ம் நூற்றாண்டிலேயே விஞ்ஞானிகள் யோசித்தார்கள்.

ராபர்ட் வாரிங்டன் என்பவர் லண்டனில் இருந்த ரசாயன நிபுணர். ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீன்களை விட்டார். நீர்ச் செடியை நட்டார். செடியின் அழுகிய இலைகளைத் தின்ன நத்தைகளையும் விட்டார்.

செடி வாயு கொடுத்தது. மீன் சுவாசித்தது. நத்தை துப்புரவு செய்தது. மூன்றும் ஒன்றுக்கு ஒன்று உதவி வாழ்ந்தன. இந்தச் சோதனையை 1850-ல் அவர் வெளியிட்டார்.

1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில், பொதுமக்கள் பார்க்க மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. அதன் பிறகு வீட்டுக் கூடங்களிலும் மீன் தொட்டி வைக்கும் மோகம் பரவியது.

தொட்டி வந்தது. அதோடு கவலையும் வந்தது! விளக்குப் போட வேண்டும். அணைக்க வேண்டும். காற்று ஊத வேண்டும். உஷ்ணம் பார்க்க வேண்டும். இத்தனையும் மனிதன் கையில்தான் இருந்தது.

மனிதன் வெளியூர் போவான். மறந்துபோவான். தூங்குவான். அங்கேதான் காவல்காரனுக்கு வேலை!

மாணவர்களுக்காகப் பிறந்தவன்

இந்தக் காவல்காரனின் பெயர் "ராஸ்பெர்ரி பை". இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவன்.

அவன் மீனுக்காகப் பிறந்தவன் அல்ல. மாணவர்களுக்காகப் பிறந்தவன்!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க வரும் மாணவர்கள் குறைந்து வந்தார்கள். வந்தவர்களுக்கும் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துப் பழகிய அனுபவம் இல்லை. எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் இதைக் கண்டு கவலைப்பட்டார்கள்.

"உடைந்தாலும் அப்பா அடிக்க மாட்டார் என்ற விலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் பிள்ளைகள் பயமில்லாமல் கற்பார்கள் அல்லவா?" இதுதான் அந்த முயற்சியின் சாரம்.

2012-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி அது விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். முதலில் தயாரித்தது 10 ஆயிரம்தான். கேட்டு வந்தவர்கள் கூட்டமோ சொல்லி முடியாது! ஆர்டர் எடுத்த நிறுவனங்களின் இணையதளங்கள் அன்றே திணறி நின்றுவிட்டன.

2024-க்குள் 6 கோடிக்கு மேல் விற்றுவிட்டது!

அதன் நீளம் 8½ சென்டிமீட்டர். அகலம் 5½ சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். எடை 50 கிராம்கூட இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்!

இப்போது வரும் பலகைகளில், ஓர் ஓரமாக 40 சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். இந்த ஊசிகள்தான் முக்கியம். இவற்றின் வழியாகத்தான் கம்ப்யூட்டர் வெளி உலகத்தைத் தொடுகிறது. விளக்கைப் போடச் சொல்லலாம், உஷ்ணத்தைக் கேட்கலாம்.

கண், மூளை, கை

காவல்காரனுக்கு மூன்று வேண்டும். பார்க்கக் கண். யோசிக்க மூளை. வேலை செய்யக் கை.

மூளை, அந்தப் பலகை.

கண், ஓர் உஷ்ண முனை. பென்சில் முனையைப் போல ஓர் எஃகுக் குழல். அதில் இருந்து மூன்று ஒயர்கள் வரும். குழலுக்குள் அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கும். அதற்கு "டி.எஸ். 18பி20" என்று பெயர். கடையில் இந்தப் பெயரைச் சொல்லி, "தண்ணீரில் போடுவது" என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கை, "ரிலே". இது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். கம்ப்யூட்டரின் ஊசியில் இருப்பது வெறும் 3.3 வோல்ட். அதைக்கொண்டு விசிறியைச் சுற்ற முடியாது. ஆனால், ரிலேயைத் தட்டி எழுப்பலாம். ரிலே "டக்" என்று விசிறியைப் போட்டுவிடும். குட்டி யானைப்பாகன், பெரிய யானை. அந்தக் கதைதான்!

சென்னை வாசிகளுக்கு இது சுலபம். மீனுக்குக் கொளத்தூர். சாமானுக்கு ரிச்சி தெரு. ரிலே வாங்கும்போது, "3.3 வோல்ட்டுக்கு வேலை செய்யுமா?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

கோர்ப்பது எப்படி?

உஷ்ண முனையின் ஒயர்கள் பெரும்பாலும் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் நிறத்தில் இருக்கும். சில கம்பெனிகள் நிறத்தை மாற்றிவிடும். உடன் வரும் சீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சிவப்பு, 3.3 வோல்ட் கொடுக்கும் 1-ம் ஊசிக்கு. கறுப்பு, 9-ம் ஊசிக்கு. மஞ்சள், 7-ம் ஊசிக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே 4,700 ஓம் "ரெசிஸ்டர்" ஒன்றைப் பாலம் போல வைக்க வேண்டும். இந்தப் பாலம் இல்லாவிட்டால் முனை பேசாது.

பிறகு கம்ப்யூட்டரின் அமைப்புப் பட்டியலில் "ஒன்-ஒயர்" என்ற பகுதியை இயக்க வேண்டும். அவ்வளவுதான். உஷ்ணத்தைக் கேட்டால், "26312" என்பது போல ஓர் எண் வரும். பயப்பட வேண்டாம்! ஆயிரத்தால் வகுத்தால் 26.312. அதாவது, 26 டிகிரிக்குச் சற்று மேல்.

இந்த முனையில் அரை டிகிரி வரை கூடுதல் குறைவு இருக்கலாம். ஆகையால் ஒரு நல்ல கண்ணாடி உஷ்ணமானியைப் பக்கத்தில் வைத்து, ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, மூளைக்குக் கட்டளை. "பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதலாம். பள்ளிப் பிள்ளைகளும் கற்கும் மொழிதான். கட்டளையின் சாரம் இது:

"உஷ்ணத்தைப் பார். 29 டிகிரியைத் தாண்டினால் விசிறியைப் போடு. 28-க்குக் கீழே வந்தால் நிறுத்து. ஒரு நிமிஷம் பொறு. மறுபடி பார்."

போடுவது 29-ல், நிறுத்துவது 28-ல். இது ஏன்? இரண்டையும் 29 என்று வைத்தால், 29-க்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக உஷ்ணம் ஊசலாடும்போது ரிலே "டக், டக், டக்" என்று அடித்துக்கொண்டே இருக்கும். விரைவில் தேய்ந்துபோகும். ஒரு டிகிரி இடைவெளி கொடுத்தால் அது நிதானமாக வேலை செய்யும்.

விசிறி எப்படிக் குளிர வைக்கிறது? தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண் பானைத் தண்ணீர் குளிரும் ரகசியமும் இதுவே. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் போகும் சூடு, 100 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்கு மேல் குளிர வைக்கப் போதுமானது!

கட்டளையைச் சொந்தமாக எழுத முடியாதவர்களுக்கும் வழி உண்டு. "ரீஃப்-பை" என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. பவளப் பூச்சிகள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளுக்காக, இதே ராஸ்பெர்ரி பையில் ஓடும்படி எழுதப்பட்டது. உஷ்ணம், விளக்கு, தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் கவனிக்கும். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

பாட்டியின் கேள்வி

ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளும் அப்பாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து காவல்காரனைச் செய்து முடித்துவிட்டார்கள். விசிறி சுற்றுகிறது. வீடே கைதட்டுகிறது.

ஓரமாக உட்கார்ந்திருந்த பாட்டி மட்டும் கைதட்டவில்லை.

"அதெல்லாம் சரிடா, ராஜா. இது பாட்டுக்கு நின்றுபோனால் மீன் கதி என்ன?" என்று மகனைக் கேட்கிறாள்.

ஆயிரம் ரூபாய் பெறும் கேள்வி! காவல்காரனைச் செய்கிறவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது இல்லை. மீன் செத்த பிறகுதான் கேட்கிறார்கள்.

கம்ப்யூட்டர் நின்றுபோகும். அது உறுதி. என்றைக்கு என்பதுதான் தெரியாது. மெமரி கார்டு கெட்டுப் போகலாம். மின்சாரம் திடீரென்று போய்ப் போய் வந்தால் கார்டு கெடுவது சகஜம். புரோகிராம் நடுவழியில் திகைத்து நின்றுவிடலாம்.

அப்போது கை எந்த நிலையில் இருக்கும்? அதை முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம்!

ரிலேயில் மூன்று முனைகள் உண்டு. நடுவில் பொது முனை. ஒரு பக்கம் "என்.ஓ." என்று போட்டிருக்கும். மறுபக்கம் "என்.சி." என்று போட்டிருக்கும்.

"என்.ஓ." பக்கம் கோர்த்தால், ரிலே விழித்திருக்கும்போது மட்டும் மின்சாரம் போகும். "என்.சி." பக்கம் கோர்த்தால், ரிலே தூங்கும்போது மட்டும் மின்சாரம் போகும்.

விசிறியை "என்.சி." பக்கம் கோர்க்க வேண்டும். அப்படிக் கோர்த்தால், விசிறி நிற்க வேண்டிய நேரத்தில்தான் கம்ப்யூட்டர் ரிலேயை எழுப்ப வேண்டும். கட்டளையையும் அதற்குத் தக்கபடி எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போய்விட்டால், ரிலேயும் தூங்கிவிடும், விசிறி சுற்றும். கொஞ்சம் தண்ணீர் அதிகம் ஆவியாகும். மீன் பிழைக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் தண்ணீரைச் சூடாக்க "ஹீட்டர்" போடுவார்கள். அதை "என்.ஓ." பக்கம் கோர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் செத்தால் ஹீட்டர் அணைந்துவிடும். தண்ணீர் மெல்ல மெல்லத்தான் குளிரும். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றிக் கோர்த்தால்? 200 வாட் ஹீட்டர் அணையாமல் எரிந்தால், 100 லிட்டர் தண்ணீர் தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறக்கூடும். விடிவதற்குள் தொட்டி, குழம்புச் சட்டி ஆகிவிடும்!

சரியாகக் கோர்த்தாலும் ஓர் ஆபத்து உண்டு. ரிலேயின் உள்ளே இருக்கும் தகடுகள் சில சமயம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். "அணை" என்று கம்ப்யூட்டர் கத்தினாலும் அணையாது. ஆகையால், தானே அணையும் வசதி உள்ள ஹீட்டரைத்தான் வாங்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு 26 டிகிரி என்று சொன்னால், ஹீட்டரின் திருகை 28-ல் வைக்க வேண்டும். ஒரு காவல் தவறினாலும் இன்னொரு காவல் இருக்கும்.

புரோகிராம் திகைத்து நின்றால்? அதற்கும் பலகைக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று புரோகிராம் சில விநாடிக்கு ஒரு முறை சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், அந்த வசதி கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி எழுப்பிவிடும். இதற்கு "வாட்ச்டாக்" என்று பெயர். காவல்காரனுக்கு ஒரு காவல் நாய்!

கண் பொய் சொன்னால்?

கை தவறலாம். கண்ணும் தவறலாம்!

உஷ்ண முனைக்கு மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டு வந்தால், அது "85 டிகிரி" என்று சொல்லும். அந்தச் சில்லின் பிறவிக் குணம் அது. உஷ்ணத்தை அளக்கும் முன்பு அதன் நினைவில் இருக்கும் எண் 85. அளக்காமல் கேட்டால் அதையே சொல்லிவிடும்.

குளிர் ஊரில் காவல்காரன் அதை நம்பி, "ஐயோ, கொதிக்கிறதே!" என்று ஹீட்டரை அணைத்துவிடுவான்.

ஆகையால் கட்டளையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "உஷ்ணம் 10-க்குக் கீழோ 40-க்கு மேலோ காட்டினால் நம்பாதே. மறுபடி கேள். மூன்று முறையும் அப்படியே சொன்னால் மணி அடி!"

முனை தண்ணீரை விட்டு வெளியே நழுவி விழுந்தால் இன்னும் மோசம். அது காற்றின் குளிரைச் சொல்லும். தண்ணீரின் சூட்டைச் சொல்லாது. ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து, இரண்டு முனைகள். ஒவ்வொரு முனைக்கும் தனி எண் உண்டு. ஆகையால் இரண்டையும் அதே மூன்று ஊசிகளில் கோர்க்கலாம். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று முரணாகப் பேசினால், ஏதோ தப்பு என்று காவல்காரன் மணி அடிப்பான். சாட்சி இரண்டு இருந்தால் பொய் வெளுத்துவிடும்!

ஈரக் கையும் மின்சாரமும்

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பிள்ளைகள் 12 வோல்ட் விசிறியோடு நின்றுகொள்ள வேண்டும். அதில் உயிருக்கு ஆபத்து இல்லை. 230 வோல்ட் ஹீட்டரை ரிலேயில் கோர்க்கும் வேலையை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

தொட்டிக்குப் போகும் மின்சாரத்துக்கு "ஆர்.சி.சி.பி." போட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தண்ணீருக்குள் கை விடும் முன்பு பிளக்குகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன்பு, கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர், அந்த வளைவில் சொட்டிவிடும். பிளக்குக்குள் போகாது. பெட்டியையும் தொட்டிக்குக் கீழே வைக்கக் கூடாது.

வடிகட்டியை ரிலேயில் கோர்க்கவே வேண்டாம். அது எப்போதும் ஓட வேண்டியது. நேராகச் சுவரில் செருகிவிடலாம். மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். கோடையில் மின்வெட்டு நேர்ந்தால் மீனைக் காப்பாற்றப்போவது கம்ப்யூட்டர் அல்ல, அந்தப் பம்பு!

அவனுக்குத் தெரியாதது

மீன் போடும் கழிவில் இருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதை மாற்றிவிடுகின்றன. கிருமிகள் செத்தால் விஷம் ஏறும். உஷ்ணம் பார்க்கும் காவல்காரனுக்கு அது தெரியாது. உஷ்ணம் 27 டிகிரி. "எல்லாம் சுகம்" என்று பச்சை விளக்கு எரியும். மீனோ செத்துக்கொண்டிருக்கும்!

மீன் இரை எடுக்கவில்லை, துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது, நேற்று இருந்த நிறம் இன்று இல்லை. இதை எல்லாம் அந்த வீட்டுக் குழந்தைதான் கண்டுபிடிக்கும்.

ஆகவே காவல்காரனை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலைக்கு வைக்கும் முன்பு ஒரு பரீட்சை வையுங்கள். பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போது, அவனுடைய பிளக்கைப் பிடுங்குங்கள். விசிறி சுற்றுகிறதா? ஹீட்டர் அணைந்ததா? பிறகு உஷ்ண முனையைத் தண்ணீரில் இருந்து எடுத்து வெளியே வையுங்கள். மணி அடிக்கிறதா?

எல்லாம் சரி என்றால், பாட்டியும் கைதட்டுவாள்!

இரவில் காவல்காரன் பார்த்துக்கொள்வான். காலையில் எழுந்ததும், இரை போடுகிற சாக்கில், இரண்டு நிமிஷம் தொட்டியின் முன் நின்று மீன்களைப் பாருங்கள். அந்த வேலையை மட்டும் அவனிடம் விட்டுவிடாதீர்கள்.